கல்விக் கடனும் கம்ப்யூட்டர் படிப்பும்: கையெழுத்துக்கு முன் ஒரு கணக்கு

(நமது சங்கத்தின் கோலார் தங்கவயல் அங்கத்தினர்கள் கூடிய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"மாமா, அரை மணிக்கு மேல போகாதீங்கோ, டிபன் ஆறிடும்" என்று காரியதரிசி என்னை முதலிலேயே எச்சரித்துவிட்டார். முப்பத்தைந்து வருஷம் அரசாங்கத் தணிக்கைத் துறையில் பிறர் எழுதிய கணக்கில் குற்றம் கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவன் நான். சுருக்கமாகப் பேசுவது எனக்குப் பழக்கமில்லை. ஆனாலும் முயற்சி செய்கிறேன்.

விஷயம் இதுதான். போன மாதம் மட்டும் மூன்று குடும்பத்தார் எனக்கு போன் செய்தார்கள். மூவர் கேட்டதும் கிட்டத்தட்ட ஒன்றேதான். "பையனுக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் வேணுமாம், ஒத்தக்கால்ல நிக்கறான். மேனேஜ்மெண்ட் கோட்டாவுல சீட் இருக்கு. பாங்க்ல பத்து லட்சம் தரேங்கறா. வாங்கலாமா மாமா?" மூவரிடமும் நான் திருப்பிக் கேட்டது ஒரே கேள்வி: "தவணை ஆரம்பிக்கிற மாசம் எவ்வளவு கட்டணும்?"

ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. கல்லூரிக் கட்டிடம் எத்தனை மாடி என்று தெரிந்திருந்தது. போன வருஷம் அங்கே படித்த ஒரு பையனுக்கு அதிகபட்சமாக எத்தனை லட்சம் சம்பளம் கிடைத்தது என்றும் தெரிந்திருந்தது. தவணை மட்டும் தெரியவில்லை. அவர்களை நான் குறை சொல்லவில்லை. இருபது வருஷத்துக்கு முன்னால் எனக்கும் அது தெரியவில்லை. அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது இந்த ஊர்தான். என் தகப்பனார் சுரங்கத்தின் அஸ்ஸே ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தார். அந்த ஆபீஸின் வேலை, வெட்டி எடுத்த பாறையில் எவ்வளவு தங்கம் இருக்கிறது என்று பரிசோதிப்பது. பாறையைப் பொடித்து, அதில் ஒரு சிறு மாதிரியை ஈயக் கலவையோடு உலையில் உருக்குவார்கள். ஈயம் போனபின் கடைசியில் கடுகு மாதிரி ஒரு மணி நிற்கும். அதை நுண்தராசில் நிறுத்து, டன்னுக்கு இத்தனை கிராம் என்று பேரேட்டில் எழுதுவார்கள். நான் சென்ட்ரல் காலேஜில் பி.எஸ்ஸி. சேர்ந்தபோது அப்பா சொன்னார்: "பளபளன்னு இருக்கற கல்லுல தங்கம் இருக்கும்னு நினைக்காதே. நிறுத்துப் பாரு. நிறுத்த பிறகும், அதை வெளியில எடுக்க என்ன செலவாகும்னு பாரு."

இந்த ஊரின் சரித்திரமே அந்த இரண்டாவது வாக்கியம்தான். ஜான் டெய்லர் கம்பெனி 1880களில் இங்கே வேலையைத் தொடங்கிய காலத்தில் ஒரு டன் பாறையில் 40 கிராமுக்கு மேல்கூடத் தங்கம் கிடைத்தது. 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. அப்போது பெங்களூரிலேயே மின்விளக்கு கிடையாது. ஆனால் கடைசிக் காலத்தில் டன்னுக்கு 3 கிராம் அளவுக்கு வந்துவிட்டது. சாம்பியன் ரீஃப் சுரங்கமோ 3 கிலோமீட்டருக்கும் கீழே போய்விட்டது. அவ்வளவு ஆழத்திலிருந்து கல்லைத் தூக்கவும், தண்ணீரை இறைக்கவும், உள்ளே காற்றைக் குளிர்விக்கவும் ஆகும் செலவு, கிடைக்கும் தங்கத்தின் விலையைத் தாண்டிவிட்டது. 2001 பிப்ரவரி 28-ந் தேதி சுரங்கத்தை மூடினார்கள். அன்றைக்கும் கீழே தங்கம் இருந்தது. எடுத்தால் கட்டுபடியாகவில்லை, அவ்வளவுதான்.

கம்ப்யூட்டர் படிப்பில் தங்கம் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. நிச்சயமாக இருக்கிறது. நம் வீட்டுக் குழந்தைகள் எத்தனையோ பேர் அதனால் நன்றாக இருக்கிறார்கள். சுரங்கம் மூடியபின் இந்த ஊரே பெங்களூர் ரயிலை நம்பித்தான் பிழைக்கிறது. விடியற்காலையில் மாரிகுப்பத்தில் ஏறி, 100 கிலோமீட்டர் போய், ராத்திரி திரும்பி வரும் பிள்ளைகளில் பலர் சாஃப்ட்வேர் வேலைக்காரர்கள்தான். என் கேள்வி, அந்தத் தங்கத்தை என்ன விலை கொடுத்து எடுக்கிறோம் என்பதுதான்.

சுரங்கம் மூடிய அதே 2001-ல்தான் இந்திய வங்கிகள் சங்கம் தயாரித்த மாதிரிக் கல்விக் கடன் திட்டம் அமலுக்கு வந்தது. அதற்கு முன்னால் பிள்ளையின் படிப்புக்குப் பணம் வேண்டுமென்றால் நிலத்தை விற்க வேண்டும், அல்லது மாமியின் நகையை அடகு வைக்க வேண்டும். இந்தத் திட்டத்தில் 4 லட்சம் வரை ஈடு கேட்பதில்லை. அதற்கு மேல் 7.5 லட்சம் வரை மூன்றாம் மனிதர் ஜாமீன், அதற்கும் மேலே சொத்து ஈடு என்பது பொதுவான முறை. படிக்கும் காலத்தில் தவணை கிடையாது. நல்ல திட்டம், சந்தேகமில்லை. ஆனால் தவணை இல்லை என்றால் வட்டியும் இல்லை என்று பல பேர் நினைத்துக்கொள்கிறார்கள். அங்கேதான் சறுக்கல்.

ஒரு காகிதம் எடுத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு 2.5 லட்சம் வீதம் நாலு வருஷம், மொத்தம் 10 லட்சம் கடன். வட்டி, கணக்குக்குச் சுலபமாக 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிப்பு நாலு வருஷம், அதற்குப் பின் ஒரு வருஷம் அவகாசம். முதல் வருஷம் வாங்கிய பணத்துக்கு ஐந்து வருஷ வட்டி, இரண்டாம் வருஷப் பணத்துக்கு நாலு, அடுத்ததற்கு மூன்று, கடைசிக்கு இரண்டு. தனிவட்டியாகவே போட்டாலும் மொத்தம் 3.5 லட்சம். ஆக, தவணை ஆரம்பிக்கும் நாளில் கடன் 10 லட்சம் இல்லை, 13.5 லட்சம்.

இதைப் பத்து வருஷத்தில் அடைக்க மாதம் சுமார் 17,840 ரூபாய். பதினைந்து வருஷம் எடுத்துக்கொண்டால் மாதம் சுமார் 14,500. தவணை குறைந்ததே என்று சந்தோஷப்பட வேண்டாம். பத்து வருஷத்தில் கட்டினால் மொத்தம் 21 லட்சத்துச் சொச்சம், பதினைந்து வருஷத்தில் 26 லட்சத்துச் சொச்சம்.

இப்போது தராசின் மறுதட்டு. பெரிய சாஃப்ட்வேர் நிறுவனங்கள் சாதாரணமாகப் புதுப் பட்டதாரிக்குக் கொடுக்கும் ஆரம்பச் சம்பளம், 2010-ஐ ஒட்டி வருஷத்துக்கு மூன்று லட்சத்துச் சொச்சமாக இருந்தது. பதினைந்து வருஷம் கழித்தும் அது மூன்றரை லட்சத்தைச் சுற்றியே நிற்கிறது. இதற்கிடையில் கல்லூரிக் கட்டணமும் பெங்களூர் வாடகையும் எவ்வளவு ஏறின என்று உங்களுக்கே தெரியும். மூன்றரை லட்சத்தில் பி.எஃப். முதலியவை போகக் கையில் வருவது மாதம் 25,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 14,500 தவணை போனால் மிச்சம் 10,500. பெங்களூரில் பேயிங் கெஸ்ட்டாகத் தங்கவே அது காணாது. நம் ஊரிலிருந்து ரயிலில் போய்வரும் பையன் ஒருவேளை சமாளிப்பான்.

இன்னொன்றையும் கழிக்க வேண்டும். கடனே வாங்காமல், அரசுக் கல்லூரியில் பி.எஸ்ஸி.யோ பி.சி.ஏ.வோ படித்திருந்தால் அந்தப் பையன் சும்மாவா இருப்பான்? ஏதோ ஒரு 18,000 ரூபாய் வேலையில் இருப்பான், அதுவும் ஒரு வருஷம் முன்னதாகவே. அப்படியானால் பத்து லட்சக் கடன் வாங்கிக் கொடுத்தது 25,000 இல்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசமான 7,000 மட்டும்தான். அந்த 7,000-ஐ வைத்துக்கொண்டு 14,500 தவணை கட்ட வேண்டும். சம்பளம் ஐந்தாறு வருஷத்தில் இரண்டு மடங்கு ஆகலாம், கெட்டிக்காரப் பையனுக்கு அதற்கு மேலும் ஆகலாம். ஆனால் தவணை அதற்காகக் காத்திருக்காது, முதல் மாதமே வந்து கதவைத் தட்டும்.

இப்போது என் கதை. இது நடந்தது 2005-ல். என் தங்கை பிள்ளை, அதாவது என் மருமான், பி.யூ.சி. முடித்திருந்தான். தங்கை அகத்துக்காரர் சுரங்க ஆபீஸில் வேலை பார்த்தவர். 2001-ல் வேலை போனபோது வந்த பணத்தைத் தபாலாபீஸில் போட்டு, அந்த வட்டியில் குடும்பம் நடந்தது. பொதுத் தேர்வில் வந்த ரேங்க்குக்கு எலக்ட்ரிகல் கிடைத்தது. அவனுக்குக் கம்ப்யூட்டர்தான் வேண்டும். குடும்பத்தில் கெஜட்டட் ஆபீசர் நான் ஒருவன்தான் என்பதால் என்னைக் கேட்டார்கள். நானும் ஒரு காகிதத்தைக்கூடக் கையில் எடுக்காமல், "காலம் கம்ப்யூட்டர் காலம். மேனேஜ்மெண்ட் சீட்டாவே இருக்கட்டும். தபாலாபீஸ் பணத்தைக் கட்டிடுங்கோ, மிச்சத்துக்குக் கடன் வாங்கலாம். வேலை கிடைச்ச ஒரே வருஷத்துல அடைச்சுடுவான்" என்று தீர்ப்புச் சொன்னேன். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும் அண்ணா" என்றாள் என் தங்கை.

நாலு லட்சம் கடன், அப்போது 12 சதவீத வட்டி. 2008 இலையுதிர் காலத்தில் அமெரிக்காவில் வங்கிகள் விழுந்தன. கல்லூரியிலேயே வேலை உத்தரவு வாங்கியிருந்த பையன் 2009-ல் படிப்பை முடித்துவிட்டு, சேரும் தேதிக்காக ஒன்றரை வருஷம் காத்திருந்தான். அவன் வேலையில் சேர்ந்தது 2010 டிசம்பரில். வங்கித் தவணையோ ஜூலையிலேயே ஆரம்பித்துவிட்டது. கடன் 5,68,000 ரூபாயாக வளர்ந்திருந்தது. ஏழு வருஷத்தில் அடைக்க மாதம் பத்தாயிரம். தபாலாபீஸ் வட்டியும் போய்விட்டது, பையனுக்கும் வேலை இல்லை.

எனக்கு இதெல்லாம் ஒன்றும் தெரியாது. அந்தத் தை மாதம் ஒரு உபநயனத்துக்கு எல்லோரும் கூடியிருந்தோம். பந்தியில் எனக்குப் பரிமாற வந்த என் தங்கையின் கையைப் பார்த்தேன். நாலு கண்ணாடி வளை இருந்தது. கல்யாணத்தில் அம்மா போட்டு அனுப்பிய நாலு தங்க வளையைக் காணோம். "எங்கே?" என்று கேட்டேன். "சாதம் ஆறறது, சாப்பிடு அண்ணா" என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டாள். பிறகு மருமான்தான் சொன்னான், வங்கிக் கடிதம் வந்ததும் வளையை விற்று ஆறு மாதத் தவணை கட்டினார்கள் என்று. என்னிடம் சொல்லக் கூடாது என்று அவள் சத்தியம் வாங்கியிருந்தாளாம். அண்ணா மனசு கஷ்டப்படுமாம்.

அன்பர்களே, என் உத்தியோக காலத்தில் பத்து ரூபாய்க்கு வவுச்சர் இல்லையென்று எத்தனையோ பேருக்கு ஆட்சேபணைக் குறிப்பு எழுதியிருக்கிறேன். என் சொந்தத் தங்கையின் நாலு லட்சத்துக்கு ஐந்து நிமிஷம் செலவழித்துக் கணக்குப் பார்க்கவில்லை. நான் சொன்ன படிப்பு தப்பில்லை, கடன் வாங்கியதும் தப்பில்லை. எவ்வளவு, எப்போது, எதிலிருந்து என்று கேட்காமல் கையிருப்பு அத்தனையையும் கரைக்கச் சொன்னதுதான் தப்பு. மருமான் 2018-ல் கடனை அடைத்தான். இன்று நன்றாக இருக்கிறான், அம்மாவுக்கு வளையும் வாங்கிப் போட்டுவிட்டான். ஆனால் மேல்படிப்பு ஆசையை விட்டுவிட்டான், கல்யாணமும் தள்ளிப்போயிற்று. அவன் அனுமதி வாங்கிக்கொண்டுதான் இதை இங்கே சொல்கிறேன். இதோ, பின் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறான்.

அதன் பிறகு நான் கற்றுக்கொண்ட சில விஷயங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, அளவு. தவணை, கையில் வரும் சம்பளத்தில் கால் பங்கைத் தாண்டக் கூடாது. 25,000-க்குக் கால் பங்கு 6,250. பத்து வருஷத்தில் அடைப்பதாகப் பின்னோக்கிக் கணக்குப் போட்டால், வாங்கக்கூடிய கடன் சுமார் 3.5 லட்சம் என்று வருகிறது. அதாவது, நாலு வருஷத்துக்குமான மொத்தக் கடன், எதிர்பார்க்கும் முதல் வருஷச் சம்பளத்தைத் தாண்ட வேண்டாம். நினைவில் வைத்துக்கொள்ளச் சுலபமான விதி. ஒன்றரை மடங்கு வரை போனால் கஷ்டப்பட்டுச் சமாளிக்கலாம். மூன்று மடங்கு என்றால் வேண்டவே வேண்டாம்.

இரண்டாவது, எந்தச் சம்பளம்? விளம்பரப் பலகையில் போடும் அதிகபட்சச் சம்பளம் ஒரே ஒரு பையனுடையது. வேலை கிடைத்த அத்தனை பேரையும் சம்பள வரிசையில் நிறுத்தி, நடுவில் நிற்பவனுக்கு என்ன சம்பளம் என்று கேளுங்கள். அதைத்தான் இடைநிலைச் சம்பளம் என்கிறோம். மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் கல்லூரிகள், எத்தனை பேர் படித்து முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, இடைநிலைச் சம்பளம் எவ்வளவு என்ற மூன்றையும் கொடுத்தாக வேண்டும். கல்லூரியின் இணையதளத்தில் பார்க்கலாம். எந்த விவரமும் தராத கல்லூரிக்குக் கடன் வாங்கிப் பணம் கட்ட வேண்டாம்.

மூன்றாவது, எந்த வழியாக இடம்? நம் கர்நாடகத்தில் ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சில் மூன்று பையன்கள். கே.சி.இ.டி. வழியாக வந்தவன் கட்டும் கட்டணம் ஒன்று. காமெட்-கே வழியாக வந்தவன் கட்டுவது அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. மேனேஜ்மெண்ட் கோட்டா அதற்கும் மேலே. படித்து முடித்ததும் மூவருக்கும் கம்பெனி கொடுக்கும் சம்பளம் ஒன்றுதான். ஆகவே கே.சி.இ.டி.யில் எலக்ட்ரானிக்ஸ் கிடைத்தால், அதை விட்டு மூன்று மடங்கு கொடுத்துக் கம்ப்யூட்டருக்கு ஓடுவதற்கு முன் யோசியுங்கள். எலக்ட்ரானிக்ஸ் படித்தவனையும் சாஃப்ட்வேர் கம்பெனிகள் எடுத்துக்கொள்கின்றன. சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் தொடங்கிய டேட்டா சயன்ஸ் இணையவழிப் படிப்பை வேறு பட்டப் படிப்போடு சேர்த்தே படிக்கலாம். குறைந்த வருமானக் குடும்பத்துக்குக் கட்டணச் சலுகையும் உண்டு.

நாலாவது, படிக்கும் காலத்திலேயே வட்டியைக் கட்டிவிடுங்கள். வருஷத்துக்கு ஒரு லட்சம் வீதம் நாலு லட்சம் கடன் என்றால், முதல் வருஷம் மாத வட்டி 833 ரூபாய்தான், நாலாம் வருஷம் 3,333. இதைத் தகப்பனார் கட்டிவிட்டால், பையன் தலையில் நாலு லட்சம் நாலு லட்சமாகவே இருக்கும், தவணை சுமார் 5,300 தான். இப்படிக் கட்டுபவர்களுக்குப் பல வங்கிகள் வட்டியில் ஒரு சதவீதம் வரை குறைக்கின்றன.

ஐந்தாவது, அரசாங்கம் கொடுப்பதைக் கேட்டு வாங்குங்கள். குடும்ப வருமானம் வருஷத்துக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்தால், தர அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் தொழிற்கல்வி படிப்பவர்களுக்கு, படிக்கும் காலத்து வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் 2009 முதல் இருக்கிறது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை பி.எம். வித்யாலட்சுமி திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. பட்டியலில் உள்ள தரமான கல்லூரிகளில் இடம் கிடைத்தால் ஈடும் ஜாமீனும் இல்லாமல் கடன் உண்டு. 8 லட்சம் வருமானம் வரை உள்ள குடும்பத்துக்கு, 10 லட்சம் கடன் வரை, 3 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு, வருஷத்துக்கு ஒரு லட்சம் மாணவர்களுக்கு. கல்விக் கடனுக்கான வருமான வரிக் கழிவைச் சிலர் பெரிதாகச் சொல்வார்கள். அது வட்டிக்கு மட்டும், பழைய வரி முறையில் மட்டும். மூன்றரை லட்சம் சம்பளக்காரனுக்கு வரியே இல்லாதபோது கழிவு எதற்கு?

வெளிநாட்டில் எம்.எஸ். படிக்க வீட்டை ஈடு வைக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2025 செப்டம்பரில் அமெரிக்க அரசு, புதிய எச்-1பி விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று ஒரே ராத்திரியில் அறிவித்தது. ஆகவே டாலர் சம்பளத்தை நம்பி வாங்கும் கடனை, இந்தியச் சம்பளத்தில் கட்ட முடியுமா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

"எங்க காலத்துல யாரும் இப்படி பயப்படலியே" என்று சிலர் கேட்கலாம். 1970களில் இந்த ஊரிலும் யாரும் பயப்படவில்லை. சுரங்கம் நூறு வருஷம் ஓடும் என்றார்கள். அப்பாவின் பேரேட்டில் மட்டும் கிராம் கணக்கு இறங்கிக்கொண்டே இருந்தது. 2025 ஜூலையில் டி.சி.எஸ். சுமார் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது, அதுவும் பெரும்பாலும் நடு, மேல் நிலையில் இருப்பவர்களை. எழுதிக் கொடுத்தால் புரோகிராமே போட்டுத் தரும் இயந்திரங்கள் வந்துவிட்டன. கம்ப்யூட்டர் படிப்பு மூடப்போகிறது என்று நான் ஜோசியம் சொல்லவில்லை. சம்பளம் கூடும் என்பது நம்பிக்கை, தவணை என்பது கையெழுத்து. இரண்டையும் ஒரே எடையாக நினைக்காதீர்கள்.

குழந்தைகளே, கடைசியாக உங்களுக்கு. கடன் பத்திரத்தில் உங்கள் கையெழுத்தும் இருக்கும், அடைக்கப் போவதும் நீங்கள்தான். ஆகவே அப்பா அம்மா கணக்குப் போடும்போது பக்கத்தில் உட்காருங்கள். தவணை ஆரம்பிக்கும் நாளில் மொத்தக் கடன், மாதத் தவணை, இடைநிலைச் சம்பளம் என்று மூன்று எண்களை உங்கள் கையாலேயே எழுதுங்கள். வேலை ஒரு வருஷம் தாமதமானால் தவணையை யார் கட்டுவது என்று அதன் கீழே ஒரு பெயர் எழுதுங்கள். எழுத ஒரு பெயரும் இல்லையென்றால் கடனைக் குறையுங்கள், அல்லது கல்லூரியை மாற்றுங்கள்.

அந்தக் காகிதத்தோடு என் அகத்துக்கு எப்போது வேண்டுமானாலும் வாருங்கள், நானும் ஒருமுறை சரிபார்க்கிறேன். கட்டணம் ஒன்றும் கிடையாது. 2005-ல் பார்க்காமல் விட்ட கணக்குக்கு இதுதான் என் பிராயச்சித்தம். காப்பி எங்காத்து மாமி கொடுப்பாள்.

காரியதரிசி கடிகாரத்தைப் பார்க்கிறார். எல்லோரும் டிபன் சாப்பிடப் போகலாம்.